கிளாக் பிஸ்டல்: ஐந்து தலைமுறைகளில் மாறியது என்ன, மாறாமல் நின்றது என்ன?

கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்களுக்கு கிளாக்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டெரரிஸ்ட் அணியில் இறங்கினால் கையில் முதலில் இருப்பதே அதுதான். ஹாலிவுட் போலீஸ் படங்களிலும் யாராவது ஒருவர் இடுப்பில் அது இருக்கும். ஆனால் யூடியூபில் துப்பாக்கி வீடியோ ஒன்றைத் திறந்தால் ‘ஜென் 3’, ‘ஜென் 5’ என்று பேச்சு எங்கோ போய்விடும். செல்போன் மாதிரி துப்பாக்கிக்குமா தலைமுறை? பார்க்க எல்லாம் ஒரே கறுப்புக் கட்டைதானே?

ஆமாம், பார்க்க அப்படித்தான். 1982-ல் வந்ததையும் 2017-ல் வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கண்ணில் படும் மாற்றம் பெரும்பாலும் கைப்பிடியில்தான் இருக்கும். உள்ளே இயங்கும் முறை கிட்டத்தட்ட அதேதான். அந்த ‘கிட்டத்தட்ட அதே’தான் கிளாக்கின் பெரிய பலம். இப்போது அமெரிக்காவில் அதற்குத் தலைவலியாக வந்து நிற்பதும் அதுவே.

திரைச்சீலைக் கம்பியிலிருந்து துப்பாக்கிக்கு

காஸ்டன் கிளாக் ஆஸ்திரியாக்காரர். வியன்னாவுக்குப் பக்கத்தில் டாய்ச்-வாக்ரம் என்ற ஊரில் பட்டறை. ஜன்னல் திரைச்சீலைக் கம்பிகள் செய்தார். ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்தார். துப்பாக்கி மட்டும் செய்ததே இல்லை. 1980 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம், இரண்டாம் உலகப் போர்க் காலத்து வால்தர் பி38-க்கு மாற்று தேடியது. நிபுணர்களைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டுக்கேட்டே ஒரு பிஸ்டலை உருவாக்கினார் கிளாக். ஸ்டையர் போன்ற பழம்பெரும் நிறுவனங்களைத் தாண்டி, 1982-ல் அவருடையதே ராணுவத்தில் சேர்ந்தது. பெயர் கிளாக் 17. அது அவருடைய 17-வது காப்புரிமை என்பதால் வந்த பெயர் என்பார்கள். மேகசினில் 17 தோட்டா பிடிப்பது தனிக்கதை.

அதில் என்ன புதுசு? பிடியும் அதோடு சேர்ந்த உடலும் பாலிமர். மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடும், உள்ளே இருக்கும் குழலும் இரும்பு. மொத்தம் 35 பாகங்கள் அளவில்தான். தோட்டா இல்லாமல் எடை சுமார் 625 கிராம். வெளியே தட்டி விடும் ‘சேஃப்டி’ பொத்தான் கிடையாது. விசையின் நடுவிலேயே ஒரு சின்ன நாக்கு. உள்ளே இன்னும் இரண்டு தடுப்புகள். விசையை முறையாக இழுத்தால் மூன்றும் விலகும், கையை எடுத்தால் மூன்றும் திரும்பப் பூட்டிக்கொள்ளும். பயிற்சி கொடுப்பது சுலபம் என்று போலீஸ் துறைகளுக்குப் பிடித்துப்போனது. தெரியாமல் விரல் பட்டாலும் வெடிக்குமே என்ற விமர்சனமும் அன்றிலிருந்தே உண்டு.

அமெரிக்காவுக்கு வந்தபோது பெரிய பீதி. ‘பிளாஸ்டிக் துப்பாக்கி, ஏர்போர்ட் எக்ஸ்ரேயில் தெரியாது’ என்று பேச்சு கிளம்பியது. 1990-ல் வந்த ‘டை ஹார்ட் 2’ படத்தில் ப்ரூஸ் வில்லிஸ் ‘கிளாக் 7’ என்று ஒரு பீங்கான் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவார், ஜெர்மனியில் செய்ததாம். அப்படி ஒரு மாடலே இல்லை, பீங்கானும் இல்லை, நாடும் தப்பு. எடையில் பெரும்பகுதி இரும்பாக இருக்கும் துப்பாக்கி எக்ஸ்ரேயில் தெரியாமல் எங்கே போகும்? ஆனாலும் அந்தப் பேச்சு சூட்டில்தான், கருவியில் சிக்காத துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டம் 1988-ல் அங்கே வந்தது. கிளாக்குக்கு நஷ்டமில்லை, ஓசி விளம்பரம்.

இதற்கு முன்பே இன்னொன்று நடந்திருந்தது. 1986 ஏப்ரலில் மயாமியில் இரண்டு கொள்ளையர்களோடு நடந்த சண்டையில் எஃப்பிஐ ஏஜென்ட்கள் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். ஏஜென்ட்கள் பலரிடம் இருந்தது ஆறு குண்டு ரிவால்வர். அதன் பிறகு அமெரிக்க போலீஸ் துறைகள் வரிசையாக ரிவால்வரைக் கைவிடத் தொடங்கின. சரியான நேரத்தில் கடை விரித்தவர் கிளாக்.

விரல் பள்ளம் வந்த கதை

முதல் தலைமுறைப் பிடியில் மணல் தூவியது மாதிரி பொடிச் சொரசொரப்பு. 1988-ல் வந்த இரண்டாம் தலைமுறையில், வியர்த்த கையிலும் வழுக்காதபடி பிடியின் முன்னும் பின்னும் கட்டம் கட்டமாகக் கீறினார்கள். சொல்லிக்கொள்ளும்படி அவ்வளவுதான்.

1990-களின் பிற்பகுதியில் வந்த மூன்றாம் தலைமுறையைத்தான் உலகம் அதிகம் பார்த்திருக்கிறது. குழலுக்குக் கீழே டார்ச் லைட் மாட்ட ஒரு தண்டவாளம் வந்தது. இரவு ரோந்து போகும் போலீஸ்காரருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்ல வேண்டாம். கூடவே, பிடியின் முன்பக்கம் விரல்கள் உட்கார மூன்று பள்ளங்கள். இங்கேதான் வம்பு. அந்தப் பள்ளம் யாருடைய விரலுக்கு? கை பொருந்தியவர்களுக்குச் சொகுசு. மற்றவர்களுக்கு விரல் மேட்டில் போய் உட்காரும். வீட்டிலேயே தேய்த்து மழித்துவிட்டவர்களும் உண்டு.

கலிஃபோர்னியாவில் இதற்கு இன்னொரு வாழ்வு கிடைத்தது. கடையில் விற்கலாம் என்று அரசு அனுமதித்த பட்டியலில் இருக்கும் கைத்துப்பாக்கிகளைத்தான் அங்கே பொதுமக்களுக்கு விற்க முடியும். புது மாடல் உள்ளே வர, சுட்ட தோட்டாவின் கூட்டில் துப்பாக்கியின் அடையாளம் பதிய வேண்டும் என்று 2013-ல் நிபந்தனை வந்தது. அதை எந்த நிறுவனமும் செய்யவில்லை. விளைவு, ஏற்கெனவே பட்டியலில் இருந்த மூன்றாம் தலைமுறைக்கு விற்பனை, அதைவிட மேம்பட்ட அடுத்த தலைமுறைகளுக்குக் கதவடைப்பு. பாதுகாப்புக்காகப் போட்ட விதி பழைய சரக்கைக் காப்பாற்றிய விநோதம் பல வருஷம் நீடித்தது.

இடது கைக்காரருக்கும் இடம்

நான்காம் தலைமுறை 2010-ல் வந்தது. கை பெரியதா சிறியதா என்று பார்த்துப் பிடியின் முதுகுப் பட்டையை மாற்றிக்கொள்ளலாம். மேகசினை விடுவிக்கும் பொத்தானைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம்; இடது கைக்காரர்கள் இருபத்தெட்டு வருஷம் காத்திருந்த சமாசாரம் இது. பின்னுதைப்பைத் தாங்க இரட்டை ஸ்பிரிங் வைத்தார்கள். அந்த ஸ்பிரிங்கே சிக்கலாகி, 2011-ல் நிறுவனம் இலவசமாக மாற்றித் தந்தது. பிறகு சரியாகிவிட்டது. 2013-ல் பிரிட்டிஷ் ராணுவம் பழைய பிரௌனிங்கை ஓரங்கட்டி, இந்தத் தலைமுறை கிளாக் 17-ஐ 25,000-க்கு மேல் வாங்கியது.

ஐந்தாவதற்குக் காரணம் எஃப்பிஐ என்றே சொல்லலாம். பெரிய ‘பாயின்ட் 40’ தோட்டாவை விட்டு 9 மி.மீ.க்குத் திரும்பிய எஃப்பிஐ, 2016-ல் கிளாக்கோடு ஒப்பந்தம் போட்டது. அதற்காகச் செய்த மாற்றங்கள் 2017-ல் பொதுச் சந்தைக்கு வந்தன. விரல் பள்ளம் போயே போச்சு. ஸ்லைடை விடுவிக்கும் நெம்புகோல் இருபக்கமும். குழலின் உட்புறமும், உள்ளே சில பாகங்களும் மாறின. அதனால் பழைய விசைப் பாகங்கள் இதில் சேராது.

இந்தியாவில் என்எஸ்ஜி கமாண்டோக்களிடம் கிளாக் உண்டு. 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால் பொதுமக்கள் சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாது.

நாணயம் அளவு தலைவலி

விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு. சாதாரண கிளாக் அப்படித்தான். கேமில் வரும் கிளாக் 18 நிஜத்திலும் உண்டு. ஆஸ்திரியாவின் பயங்கரவாத எதிர்ப்புப் படைக்காகச் செய்த தானியங்கி ரகம், கடைக்கு வராது. ஆனால் ‘ஸ்விட்ச்’ என்று ஒரு நாணயம் அளவு கள்ளப் பாகம் அமெரிக்கத் தெருக்களில் பரவியது. அது ஏறினால் சாதாரண கிளாக்கும் நிமிடத்துக்கு 1,000 குண்டுக்கு மேல் என்ற வேகத்தில் சுடும். முழு மேகசினும் ஒரு விநாடியில் காலி. அந்த வேகத்தில் சுடுபவராலேயே குறியைக் கட்டுப்படுத்த முடியாது. சம்பந்தமில்லாதவர்கள் மேல் பாய்வது அதனால்தான். அந்தச் சின்னப் பாகமே அமெரிக்க மத்திய சட்டப்படி ‘மெஷின் கன்’.

2024 மார்ச்சில் சிகாகோ நகரம் கிளாக் மேல் வழக்குப் போட்டது. இவ்வளவு சுலபமாக மாற்ற முடிகிறது என்று தெரிந்தும் உள்ளமைப்பை ஏன் மாற்றவில்லை என்பதே கேள்வி. யாரோ செய்து யாரோ மாட்டும் கள்ளப் பாகத்துக்குத் தயாரிப்பாளர் எப்படிப் பொறுப்பு என்பது எதிர்வாதம். சட்டக் கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். விரல் பள்ளத்தைச் சேர்க்கவும் பிறகு எடுக்கவும் மெனக்கெட்ட நிறுவனம், இதற்கும் முன்பே மெனக்கெட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது.

2025 அக்டோபரில், இப்படிச் சுலபமாக மாற்றக்கூடிய பிஸ்டல்களைக் கடைகள் விற்பதைத் தடுக்கும் சட்டத்தில் கலிஃபோர்னியா ஆளுநர் கையெழுத்திட்டார். 2026 ஜூலை 1 முதல் அமல் என்றது சட்டம். அதே மாதம், பல மாடல்களை நிறுத்திவிட்டு ‘வி’ என்ற புது வரிசையைக் கொண்டுவருவதாக கிளாக் அறிவித்தது. சட்டத்துக்கான பதில் இது என்றே பலரும் பார்த்தார்கள்.

காஸ்டன் கிளாக் அதைப் பார்க்க இல்லை. 2023 டிசம்பரில் 94 வயதில் இறந்துவிட்டார். அவர் செய்த சாமான் சீக்கிரம் பழுதாகாது, முப்பது வருஷப் பழசும் இன்னும் சுடும். கலிஃபோர்னியா சட்டமும் கடை விற்பனையைத்தான் தொடுகிறது. ஏற்கெனவே வீடுகளில் இருப்பவை வீடுகளிலேயே இருக்கும்.