வலிய சீட்டும் சிறிய கைமுதலும்

சீட்டாட்டம் என்ற மாத்திரத்தில் முகஞ்சுளிப்பாரும் உளர். அதனை வெறும் பொழுதுபோக்கென்று கொள்வாரும் உளர். அதன் கணக்கை ஆராய்வார் சிலரே. ஓசூரினின்று ஜூஜுவாடியைக் கடந்து அத்திப்பள்ளியில் கால்வைத்தால் கருநாடக நாடு, பெங்களூரும் அணித்தே. எல்லையின் இருபுறத்தும் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம் பெறும் இளைஞர் பல்லாயிரவர். ஆதலின் போக்கர் என்னும் ஆட்டத்தின் கணக்கை அறிதல் இப்பகுதியார்க்குப் பயன்படாமற் போகாது.

இவ்வாட்டத்திற் பெருவழக்காயுள்ள வகையில், ஒவ்வொருவர்க்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். ஐந்து சீட்டுகள் மேசை நடுவே பொதுவாக விரிக்கப்படும். இவ்வேழினுள் சிறந்த ஐந்தைக் காட்டுபவன் நடுவிற் குவிந்த பணத்தைப் பெறுவான். இடையிடையே பணங்கட்டுதலும், மேலுங் கட்ட மனமில்லாதார் சீட்டை எறிந்து விலகுதலும் உண்டு.

இனி, எதிரே அமர்ந்தோர் எச்சீட்டு வரினும் விலகாது ஆடுவோர் என்றும், அவர்தம் கைமுதலோ சிறிது என்றும் கொள்வோம். இத்தகையாரிடத்து மூன்று உண்மைகளை நினைவிற்கொள்ளல் வேண்டும். முதலாவது, பொய்யாகப் பணங்கட்டி அச்சுறுத்தல் வீண். விலகும் எண்ணமே இல்லாதவனை விலக்குவது எங்ஙனம்? இரண்டாவது, ஒரே எண்ணுள்ள இரு சிறு சீட்டுகளை வைத்துக்கொண்டு மூன்றாவதை எதிர்நோக்கிப் பணஞ் செலவிடல் நஷ்டம். முதன்மூன்று பொதுச்சீட்டுகளில் அது நூற்றுக்கு ஏறக்குறைய 12 முறையே வாய்க்கும். வாய்த்தாலும் எதிரியிடம் அதற்கீடாகத் தரப் பணமிராது. மூன்றாவது, வலிய சீட்டு வந்தபோது அதனை ஒளித்துத் தந்திரஞ் செய்யாமல், தொடக்கத்திலேயே மிகுதியாகக் கட்டல் வேண்டும்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். தொடக்கச் சீட்டுகளில் மிக வலியது ஆஸ் இரண்டு. எச்சீட்டுடனும் ஆடும் ஒருவனை எதிர்க்கின் அது நூற்றுக்கு 85 முறை வெல்லும்; அத்தகைய நால்வரை எதிர்க்கின் 56 முறையே வெல்லும். ஒவ்வொருவரும் தம் கைமுதலாகிய 200 ரூபாயையும் கட்டினர் என்க. ஒருவனுடன் ஆடினால் சராசரி ஆதாயம் கையொன்றுக்கு 140 ரூபாய். நால்வருடனாயின் 360 ரூபாய். ஆகவே பலர் தொடர்வது கண்டு அஞ்சவேண்டுவதில்லை. ஆயினும், ஆதாயம் மிகுந்த அந்நிலையிலேதான் நூற்றுக்கு 44 முறை தோல்வியும் நேர்கின்றது.

இங்கே மற்றொன்றையும் நோக்குக. இரண்டு ஆஸ் 221 கைகளுக்கு ஒருமுறையே வரும். மேசையில் நேரில் ஆடுங்கால் ஒரு மணிநேரத்தில் ஏறக்குறைய 30 கைகளே ஆகும். ஏழு மணிநேரத்திற்கு மேற் காத்திருந்து பெற்ற சீட்டும் தோற்றுப்போகலாம். அச்சீட்டை நூறு முறை பெற 700 மணிநேரத்திற்கு மேற் செல்லும். வலிய சீட்டுகள் வேறும் உளவெனினும், சராசரி என்பது நெடுங்காலம் ஆடியவனுக்கே உரியது.

இவ்வாட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ என்பது நியாயஸ்தலங்களிலும் வாதிக்கப்பட்டது. 2017இல் குஜராத் ஹைக்கோர்ட்டார் போக்கரை அதிர்ஷ்டம் என்றனர். பணம் வைத்தாடும் திறமையாட்டங்களையும் தடுத்த 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தை, 2022இல் கருநாடக ஹைக்கோர்ட்டார் தள்ளினர். ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களென வகுத்த தமிழ்நாட்டுச் சட்டத்தின் அட்டவணையை, 2023இல் சென்னை ஹைக்கோர்ட்டார் தள்ளினர். 2025ஆம் ஆண்டு மத்திய சட்டமோ, இணையவழிப் பணவாட்டத்தை அவ்வேறுபாடு பாராமலே தடுத்தது. ஒரு கையை நோக்கின் அதிர்ஷ்டம் மிகும். பல்லாயிரங் கைகளை நோக்கின் திறமை மிகும். கணக்கு இரண்டையும் மெய்யென்கின்றது.

ஆகவே, திறமை பலிக்கும்வரை தாங்கத்தக்க கைமுதல் உடையவனுக்கே அது திறமையாட்டம். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையிற்கொண்டு, பொறுமையின்றி வந்த சீட்டையெல்லாம் ஆடுபவன் யாவன்? மேலே எதிரியென்று வருணித்தோமே, அவனே. எல்லை கடந்து அம்மேசையை நாடும் நண்பர், அங்கே தமக்குரிய நாற்காலி எதுவென்று முன்னரே எண்ணிப் பார்த்தல் நலம்.