குளிரில் உறங்கும் படகும் பாட்டரியும்

பின்லாந்து நாட்டுக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காணலாம். கடல் உறைந்து பனிக்கட்டியாகுமுன், சிறு படகுகளைக் கரையேற்றிக் கித்தான் போட்டு மூடிவிடுவார்கள். அவற்றுள் பல மீண்டும் நீரில் இறங்குவது மே மாதத்திலேதான். அதுவரை படகுக்கு முழு ஓய்வு. அதனுள் இருக்கும் பாட்டரிக்கும் ஓய்வுதானா? இல்லை. வேலை செய்யாதபோதும் அதன் மின்சக்தி தேய்ந்துகொண்டே இருக்கும்.

குளிர்தான் பாட்டரிக்குப் பகை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையான பகை குளிரன்று, வெறுமையே. ஏன் என்று பார்ப்போம்.

பிரெஞ்சு விஞ்ஞானி பிளாந்தே 1859-இல் கண்டுபிடித்த காரீய பாட்டரி இன்றும் பல படகுகளில் பயன்படுகிறது. காரீயத் தகடும் காரீயப் பெராக்சைடுத் தகடும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரத்தை எடுக்க எடுக்க, அமிலத்திலுள்ள சல்பேட்டு தகடுகளில் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. நிறைந்த பாட்டரியில் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.28 அளவில் இருக்கும். அது உறைவதற்குச் சுழிக்குக் கீழே 60 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட குளிர் வேண்டும். வெறுமையான பாட்டரியிலோ ஒப்படர்த்தி 1.10 அளவுக்கு இறங்கிவிடும். அதற்குச் சுழிக்குக் கீழே ஏறக்குறைய 8 டிகிரியே போதும். உறைந்த நீர் விரியும், தகடுகள் வளையும், பெட்டி பிளக்கும்.

உறையாமல் தப்பினாலும் மற்றொரு கேடு உண்டு. தகடுகளில் படிந்த சல்பேட்டு நாளடைவில் கெட்டியான படிகமாகிவிடும். பிறகு எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் அது முழுதும் கரையாது.

ஆனால், குளிர் ஒரு நன்மையும் செய்கிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால், பாட்டரி தானே தேயும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. ஆகவே, வெதுவெதுப்பான அறையில் அரைகுறையாகக் கிடக்கும் பாட்டரியைவிடக் குளிர்ந்த கொட்டகையில் நிறைந்திருக்கும் பாட்டரியே நலமாயிருக்கும்.

செய்ய வேண்டியவை சிலவே. முதலில் முழுமையாக மின்னேற்றுக. அப்போது ஹைட்ரஜன் வெளிப்படும்; காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே தீப்பற்றும். எனவே, காற்றோட்டமான இடம் வேண்டும், நெருப்பு ஆகாது. மூடி திறக்கும் வகையாயின், மின்னேற்றிய பின் காய்ச்சி வடித்த நீரை அளவாக ஊற்றுக. பிறகு எதிர்முனைக் கம்பியை முதலிலும் நேர்முனைக் கம்பியை அடுத்தும் கழற்றிவிடுக. கடிகாரமும் எச்சரிக்கை மணியும் துளித்துளியாக மின்சாரத்தைக் குடித்துவிடும். மேற்பரப்பையும் துடைத்து உலர வைக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. சில மணி நேரம் சும்மா இருந்த பாட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவு, 12.4-க்கு இறங்கினால் மீண்டும் மின்னேற்ற வேண்டும். உறைந்துபோன பாட்டரிக்கு மட்டும் மின்னேற்றவே கூடாது. லித்தியம் பாட்டரிக்கு முறை வேறு: ஏறக்குறைய பாதி நிறைவோடு வைக்கலாம், சுழிக்குக் கீழ்ப்பட்ட குளிரில் பொதுவாக மின்னேற்றலாகாது.

இத்தனை கவலை எதற்கு? படகின் எஞ்சினைக் கிளப்புவதும், அடியில் கசியும் நீரை இறைப்பதும், இரவில் விளக்கெரிப்பதும், ஆபத்தில் ரேடியோவில் குரல் கொடுப்பதும் இந்தப் பாட்டரியே. தெருவில் நின்ற காரை நாலு பேர் தள்ளிவிடலாம்; நடுக்கடலில் நின்ற படகை யார் தள்ளுவது?

நமக்குப் படகு இல்லை. ஆனால், கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மவர் பலர் விடுதி வாசலில் ஸ்கூட்டரை விட்டுச் செல்கின்றனர். வடநாட்டு வெயிலில் பாட்டரி இன்னும் விரைவாகத் தேயும். புறப்படுமுன் நன்றாக மின்னேற்றி, கம்பியைக் கழற்றி, வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும் நாளில் புதுப் பாட்டரி வாங்கும் செலவு மிச்சமாகும்.