பல்பு புதுசு, வெளிச்சத்தைக் காணோம்!

இரவு மணி 11.

கலியாண வீட்டில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒரு குடும்பம் ஊர் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார், தாத்தா காலத்து அம்பாசடர். அப்பா ஓட்டுகிறார். பின்னால் அம்மா, பாட்டி, தூங்கி வழியும் இரண்டு பிள்ளைகள்.

நெடுஞ்சாலையை விட்டுக் கிராமத்துச் சாலையில் கார் திரும்புகிறது. தெரு விளக்கு கிடையாது. நிலவும் இல்லை.

"என்னப்பா, ஒரு பக்கம் இருட்டாக இருக்கிறதே?" என்கிறாள் பாட்டி.

"இடது லைட் கொஞ்சம் மங்கல் அம்மா. நேற்றுத்தான் புதுப் பல்பு போட்டேன். ஏன் என்றுதான் தெரியவில்லை."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. சாலை ஓரத்தில் ஒரு மாட்டு வண்டி! வண்டிக்கு விளக்கு இல்லை. அப்பா பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார். வண்டிக்கு நாலு முழம் முன்னால் கார் நிற்கிறது. பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழுகின்றன.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வண்டியைக் கண்ணால் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த வினாடி கழிந்துவிடும். வெளிச்சம் எவ்வளவு தூரம் விழுகிறதோ, அவ்வளவு தூரம்தான் உயிருக்குக் காவல்.

பல்பு புதிது. பேட்டரி நன்றாக இருக்கிறது. பியூஸும் போகவில்லை. பிறகு ஏன் மங்கல்?

மூன்று ஓட்டைக் கள்ளன்

குற்றவாளி பெரும்பாலும் ஒளிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. விளக்கைச் சுற்றியுள்ள பளபளப்பான வளையத்தைக் கழற்றி, விளக்கை முன்பக்கமாக இழுத்தால் அது தெரியும். பல்பின் முதுகில் மூன்று தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் கவ்விப் பிடித்தபடி தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் கட்டி ஒன்று இருக்கும். மெக்கானிக் கடையில் இதைக் 'கப்ளர்' என்பார்கள்.

கப்ளரில் மூன்று ஓட்டைகள்; மூன்று வயர்கள். தூரத்து வெளிச்சத்துக்கு ஒன்று. எதிரே வண்டி வரும்போது தாழ்த்தும் டிப் வெளிச்சத்துக்கு ஒன்று. மூன்றாவது, மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் வயர். பழைய பிரிட்டிஷ் முறைப்படி வயர் இழுத்த கார்களில், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது தூரத்து வெளிச்சம், நீலத்தில் சிவப்புக் கோடு போட்டது டிப், கறுப்பு எர்த். ஆனால் நாற்பது வருஷத்தில் எத்தனை பேர் கை வைத்திருப்பார்களோ! நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்யக்கூடாது.

கப்ளரைப் பிடுங்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி இருக்கிறதா? ஓட்டை ஓரம் உருகி இருக்கிறதா? உள்ளே இருக்கும் பித்தளைக் காது கறுத்துப்போய், பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா? அப்படியானால் கள்ளன் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டான்!

அவன் எப்படிக் கெட்டான்?

அம்பாசடர் 1950-களின் கடைசியில் மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் பிறந்த கார். 2014 மே மாதத்தோடு அதன் உற்பத்தி நின்றது. அந்தக் காலத்துச் சாதாரணப் பல்புகள் 45 வாட். அதற்கேற்ற வயர், அதற்கேற்ற சுவிட்ச். பிறகு ஹாலஜன் பல்பு வந்தது. இரண்டு இழைகள் கொண்ட எச்-4 என்ற ஹாலஜன் பல்பு ஐரோப்பாவில் 1971-ல் அறிமுகமாயிற்று. அது தூரத்துக்கு 60 வாட், டிப்புக்கு 55 வாட். பழைய மூன்று ஓட்டைக் கப்ளரே அதற்கும் பொருந்தும். ஆகவே பல்பை மட்டும் மாற்றிக்கொண்டு, கப்ளரையும் வயரையும் அப்படியே விட்டார்கள்.

அதோடு நின்றார்களா? கடையில் 100 வாட் பல்பும் கிடைக்கிறது. "பளிச்சென்று எரியும் சார்!" என்ற பேச்சைக் கேட்டு அதையும் வாங்கி மாட்டினார்கள். அது சாலையில் போகும் காருக்கு உரிய பல்பு அல்ல. எதிரே வருகிறவன் கண் கூசும்; நம் வயர் வேகும்.

60 வாட் பல்பு சுமார் 5 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒன்றரை மடங்கு சூடுதானே என்று நினைக்கக்கூடாது. மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும். அந்தக் கணக்கில், 100 வாட் பல்பு கப்ளருக்குக் கொடுக்கும் சூடு ஏறக்குறைய மூன்று மடங்கு!

சூட்டில் பித்தளைக் காது தளர்கிறது. தளர்ந்தால் பிடிப்பு குறைகிறது. பிடிப்பு குறைந்த இடத்தில் இன்னும் சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் இன்னும் தளர்கிறது. ஒருநாள் பிளாஸ்டிக் உருகுகிறது.

மழைத் தண்ணீரும் கடற்காற்றும் பங்காளிகள். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீரில் நின்ற வயர் மறுநாளே கெடுவதில்லை. உறைக்குள் ஈரம் மெல்ல மெல்ல ஊர்ந்து, செம்புக் கம்பியை உள்ளுக்குள்ளே களிம்பாக்கும். வெளியே பார்த்தால் வயர் மாப்பிள்ளை மாதிரி இருக்கும்!

எலியைச் சொல்லாமல் விட முடியுமா? மாதக்கணக்கில் நிற்கும் காரில் குடும்பமே நடத்தும். அது கடித்துப்போட்ட வயரில் ஒன்றிரண்டு கம்பி மிச்சமிருந்தாலும் போதும். விளக்கு எரிவதுபோல் எரிந்து ஏமாற்றும்.

மீட்டர் சொல்லும் பொய்

காரைக் கடைக்குக் கொண்டுபோன அப்பாவும், அங்கே இருந்த எலக்ட்ரீஷியனும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்:

"தம்பி, நானே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். கப்ளரில் 12 வோல்ட் சரியாக வருகிறது. அப்புறம் ஏன் மங்கல்?"

"பல்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தீர்களா சார், மாட்டி எரியவிட்டுப் பார்த்தீர்களா?"

"கழற்றிவிட்டுத்தான்."

"அதுதான் சார் தப்பு!"

ஏன் தப்பு? தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் யாரோ காலால் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். குழாயின் நுனியை விரலால் அடைத்தால், விரலில் தண்ணீர் முழு வேகத்தோடு முட்டும். விரலை எடுத்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மிதித்த கால் இருப்பது அப்போதுதான் தெரியும்.

மின்சாரமும் அப்படியே. பல்பு கழன்றிருந்தால் மின்சாரம் ஓடவில்லை. ஓடாதவரை, கெட்ட இணைப்பும் நல்ல இணைப்பு மாதிரி 12 வோல்ட் காட்டும். பல்பை மாட்டி, எரியவிட்டு, கப்ளரின் பின்பக்கமாக மீட்டர் ஊசியை நுழைத்து அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

அளக்கும் முறை கடினமானது அல்ல. விளக்கு எரிந்துகொண்டிருக்கட்டும். மீட்டரின் ஒரு ஊசியைப் பேட்டரியின் பிளஸ் முனையில் வையுங்கள். இன்னொன்றைப் பல்புக்கு மின்சாரம் கொண்டுவரும் வயரில் வையுங்கள். மீட்டர் காட்டுவது, வழியில் தொலைந்துபோன வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒன்று, ஒன்றரை என்று காட்டினால் வழியில் திருட்டு நடக்கிறது. பிறகு, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் பல்பின் எர்த் வயருக்கும் இடையே இதே போல அளக்க வேண்டும். அங்கே அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். (மிகப் பழைய கார்கள் சிலவற்றில் பேட்டரியின் பிளஸ் பக்கமே பாடியோடு சேர்ந்திருக்கும். முதலில் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.)

"ஒரு வோல்ட்தானே, போனால் போகிறது" என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. பல்புக்கு 12 வோல்ட்டுக்குப் பதில் 11 வோல்ட் கிடைத்தால், வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். பத்தரை வோல்ட் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வோல்ட் கொஞ்சம் இறங்கினால் வெளிச்சம் நிறைய இறங்குவது பல்பின் குணம்.

எர்த் போனால் நடக்கும் கூத்து

எர்த் வயர் அறுந்தாலோ, அதன் போல்ட் துருப்பிடித்தாலோ ஒரு வேடிக்கை நடக்கும். டிப் போட்டால், பல்பின் இரண்டு இழைகளும் சேர்ந்து மினுக்கு மினுக்கென்று எரியும். தூரத்து வெளிச்சத்துக்கான நீல விளக்குகூட டாஷ்போர்டில் லேசாகத் தலைகாட்டும். பேய் பிடித்த கார் என்று தோன்றும்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. திரும்பிப் போக வழி இல்லாத மின்சாரம், பக்கத்து இழைக்குள் புகுந்து, அந்த வயர் வழியாக அடுத்த விளக்குக்குப் போய், அங்கே இருக்கும் எர்த்தைத் தேடிக்கொள்கிறது. சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகும் மின்சாரம் எப்படிப் பிரகாசமாக எரியும்? விளக்கு இப்படி விசித்திரமாக எரிந்தால், முதலில் எர்த் போல்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இரண்டு விளக்கும் ஒரே மாதிரி மங்கலாகி, ஆக்சிலேட்டரை மிதித்தால் பளிச்சென்று ஆனால், கப்ளர்மேல் பழி போடக்கூடாது. பேட்டரியையும் டைனமோவையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். ஒரு விளக்கு மட்டும் மங்கினால் அந்தப் பக்கத்துக் கப்ளர், அந்தப் பக்கத்து எர்த். தூரத்து வெளிச்சம் சரியாக இருந்து, இரண்டு பக்கமும் டிப் மட்டும் மங்கினால், காலால் மிதிக்கும் பழைய டிப்பர் சுவிட்சுக்கு ஒரு பார்வை. தரையோடு இருக்கும் அந்தச் சுவிட்சு, செருப்பு மண்ணும் மழைச் சேறும் குடித்தே பாதி ஆயுளைக் கழித்திருக்கும்.

வைத்தியம்

முதல் வேலை, பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரைக் கழற்றுவது. இதைச் செய்யாமல் வயரில் கை வைப்பது மடத்தனம். பல்பு ஆறட்டும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பின் ஆயுள் குறையும். சுத்தமான துணியால் பிடிக்க வேண்டும்.

எந்த ஓட்டையில் எந்த வயர் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் படம் போடச் சொல்லலாம், ஆர்வத்தோடு போடுவான். அதற்குப் பிறகுதான் கத்தரி.

உருகிய கப்ளரைத் தட்டிக்கொட்டி மறுபடி மாட்டுவதில் பயன் இல்லை. சூட்டில் வெந்த பித்தளைக்கு மறுபடி விறைப்பு வராது. புதுக் கப்ளரே போட வேண்டும். சூடு தாங்கும் பீங்கான் கப்ளரும் விற்கிறது. சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் மோட்டார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன; மற்ற ஊர்களிலும் கிடைக்காத பொருள் அல்ல.

பழைய வயரைக் கறுத்த இடத்தோடு நிறுத்தாமல், செம்பு பளபளவென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். வயர் குட்டையாகிவிட்டால் அதே பருமனிலோ, அதைவிடப் பருமனாகவோ துண்டு சேர்க்கலாம். மெல்லிய வயர் கூடவே கூடாது. புதுப் பித்தளைக் காதை அதற்குரிய குறடால் அழுத்தி, இழுத்துப் பார்க்க வேண்டும். வராமல் இருக்க வேண்டும். இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுவது நம் ஊரில் பெரிய பழக்கம். வெயிலில் டேப்பின் பசை இளகும். மழையில் தண்ணீர் புகும். ஆறு மாதத்தில் பழைய கதைதான். சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் ஸ்லீவ் போடுவது நல்லது. வயரை இணைப்பதற்கு முன்பே அதைக் கோர்த்துவிட வேண்டும்! மறந்துவிட்டால் இணைத்ததை மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.

எர்த் போல்ட்டைக் கழற்றி, பாடியில் அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்டும் துருவும் போய் வெள்ளைத் தகடு தெரியச் செய்ய வேண்டும். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் ஈரம் அண்டாது.

செலவு செய்ய மனமிருந்தால் ரிலே போட்டுவிடலாம். அப்போது பேட்டரியிலிருந்து விளக்குக்கு மின்சாரம் நேராகப் போகும். பழைய சுவிட்சு 'போ' என்று உத்தரவு மட்டும் கொடுக்கும், பாரம் சுமக்காது. ரிலேயின் கால்களில் எண்கள் பொறித்திருக்கும். 30 பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 85, 86 இரண்டும் உத்தரவு வாங்கும் கால்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் கட்டாயம். பழைய பிரிட்டிஷ் பாணிக் கார்கள் பலவற்றில் முகப்பு விளக்குக்கென்று பியூஸே கிடையாது. வயர் உரசினால் நேரே தீதான். பியூஸ் போனால் சிகரெட் காகிதத்து வெள்ளித் தாளைச் சுற்றி மாட்டும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களைக் காரின் பக்கம் விடாதீர்கள்.

எல்லாம் முடிந்தபின், இருட்டியதும் காரை ஒரு சுவருக்கு எதிரே 25 அடி தள்ளி நிறுத்தி விளக்கைப் போடுங்கள். இரண்டு வட்டமும் ஒரே நிறத்தில், ஒரே பிரகாசத்தில் விழ வேண்டும். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்றால் மஞ்சள் பக்கத்தில் இன்னும் வோல்ட் தொலைகிறது. பத்து நிமிஷம் எரியவிட்டு, அணைத்துவிட்டு, கப்ளருக்குப் பின்னால் உள்ள வயரை விரலால் தொட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் வளையத்தை மாட்டிவிடலாம். விரல் சுட்டால், பேட்டரி வயரை மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்.