கிக்கர் லூசாகுதா? உஷார் பாஸ்!

அப்பா ஓட்டிய ஆர்எக்ஸ் 100 இப்போ உங்க கையிலா? சபாஷ்! 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. மவுசு மட்டும் குறையவே இல்லை. ஆனால், இலத்தூர் விலக்கில் சீறிக் கிளம்பியது, புளியரை 'எஸ்' வளைவு ஏற்றத்தில் முக்குகிறதா? கிக்கர் கையால் அழுத்தினாலே இறங்குகிறதா? கம்ப்ரஷன் குறைகிறது!

உடனே 'ரீபோர் பண்ணிடலாம்'னு பர்ஸைத் திறக்காதீங்க. ஒவ்வொரு ரீபோருக்கும் சிலிண்டர் சுவர் தேயும். ஒரிஜினல் பிளாக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

முதலில் இன்ஜினைச் சூடாக்கி அணைச்சுடுங்க. பிளக்கைக் கழற்றி, அங்கே கம்ப்ரஷன் கேஜை மாட்டுங்க. ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கியபடி, முள் ஏறுவது நிற்கும்வரை உதைங்க. சுமார் 100 பி.எஸ்.ஐ.க்கு மேலே என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

குறைவா? பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் டூ-டி ஆயில் விட்டு மறுபடி உதைங்க. முள் எகிறினால், தேய்ந்தது ரிங் அல்லது போர். எகிறாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சுற்றி சோப்பு நுரை தடவி உதைங்க. கசிவிருந்தால் குமிழி காட்டிக் கொடுத்துடும்.

கம்ப்ரஷன் ஓகே, இழுவைதான் இல்லையா? சைலன்சரில் கரி அடைச்சிருக்கலாம். அதைச் சுத்தம் பண்ணினாலே பழைய சீற்றம் திரும்பிடும்!