கம்பியா, அலைனரா? முதலில் தாடையைப் பாருங்கள்!

கோடை விடுமுறை விட்டால் போதும். தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பக்கத்துப் பல் மருத்துவமனைகளில் ஆறாவது, ஏழாவது முடித்த பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு பிள்ளைக்கு முன்பல் எத்தி இருக்கும். இன்னொரு பிள்ளைக்குக் கோரைப்பல் இடம் கிடைக்காமல் ஈறின் உச்சியில் முளைத்திருக்கும். முன்பெல்லாம் பெற்றோர் கேட்டது, “கம்பி எப்போ போடலாம் டாக்டர்?” என்பது மட்டும்தான். இப்போது சாலையோரப் பலகையிலும் அலைனர் விளம்பரம், கைப்பேசியைத் திறந்தாலும் அதே விளம்பரம். அதனால் உள்ளே நுழையும்போதே, “கம்பியா, அலைனரா?” என்று கேட்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், அது மூன்றாவதாக வர வேண்டியது. பிள்ளைக்கு இருப்பது பல் வரிசைக் கோளாறா, தாடைக் கோளாறா என்பது முதல் கேள்வி. சிகிச்சையைத் திட்டமிட்டுக் கடைசிவரை கூட இருக்கப்போவது யார் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், மூன்றாவது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

பல்லா, தாடையா?

பால்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைப்பது ஏறக்குறைய ஆறு வயதில் தொடங்கி, ஞானப்பல் தவிர்த்து, 12, 13 வயதில் முடிகிறது. இந்த இடைவெளியில் தாடையும் வளர்கிறது. விரல் சூப்பும் பழக்கம் நீடித்தால் மேல்முன்பல் முன்னே தள்ளும். மூக்கடைப்பால் வாயாலேயே மூச்சு விடும் பிள்ளைக்கு மேல்தாடை குறுகலாம். சொத்தையான பால் கடைவாய்ப்பல்லை, “எப்படியும் விழப்போகிற பல்தானே” என்று சீக்கிரமே பிடுங்கிவிட்டால், பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும். பின்னால் முளைக்க வேண்டிய பல்லுக்கு இடம் இருக்காது.

ஏழு வயதிலேயே ஒருமுறை பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டிவிடச் சொல்கிறது அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம். ஏழு வயதில் கம்பி போட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. வளர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்ளும் காலம் தவறிவிடக் கூடாது என்பதற்காகத்தான். கீழ்த்தாடை பின்வாங்கியிருக்கும் பிள்ளைக்கு, ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கிளார்க் 1970-களில் உருவாக்கிய ‘ட்வின் பிளாக்’ போன்ற கருவியை, உயரம் மளமளவென்று கூடும் வயதில் மாட்டினால் நல்ல பலன் கிடைக்கும். பெண் பிள்ளைகளுக்கு அந்த வயது சற்று முன்னதாகவும், ஆண் பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டு தள்ளியும் வரும். வளர்ச்சி முடிந்துவிட்டால், பெரிய தாடைக் கோளாறைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை வரை போக வேண்டிவரலாம். “கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்துக்கலாம்” என்று வீட்டில் பெரியவர்கள் தள்ளிப்போடும் ஆண்டுகள்தான் இதில் விலைமதிப்பில்லாதவை.

இதையெல்லாம் வாயைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்-ரே, முகத்தைப் பக்கவாட்டில் எடுக்கும் செஃபலோகிராம், பல்லின் அச்சு அல்லது ஸ்கேன் ஆகியவை வேண்டும். இவை எதையும் பார்க்காமல் “அலைனர் போதும்” என்றோ “கம்பிதான்” என்றோ ஒருவர் சொன்னால், அங்கே பணம் கட்டாதீர்கள்.

பல் நகரும் விதம்

கம்பியோ அலைனரோ, பல்லை நகர்த்தும் வழி ஒன்றுதான். மெல்லிய அழுத்தம் தொடர்ந்து இருந்தால், பல் போகும் திசையில் எலும்பு கரையும். விட்டுவந்த பக்கத்தில் புது எலும்பு வளரும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் நகரும். சிகிச்சை ஒன்றரை, இரண்டு ஆண்டு இழுப்பதற்கு இதுவே காரணம். “ஆறே மாதத்தில் எல்லாம் சரியாகும்” என்ற வாக்குறுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது.

கம்பி முறையில் ஒவ்வொரு பல்லிலும் பிராக்கெட் என்ற சிறு பிடி ஒட்டப்படுகிறது. அதில் மாட்டும் நிக்கல்-டைட்டானியம் கம்பி தன் பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். கூடவே பல்லையும் இழுத்துவரும். திருகிய பல்லைச் சுழற்றவும், உயரத்தில் முளைத்த கோரைப்பல்லைக் கீழே இறக்கவும், பல் பிடுங்கிய இடைவெளியை மூடவும் இது கைதேர்ந்த முறை.

அலைனர் என்பது பல்லின் மேல் கச்சிதமாக உட்காரும் தெளிவான பிளாஸ்டிக் உறை. கலிஃபோர்னியாவில் 1997-ல் ஜியா சிஷ்டியும் கெல்சி வர்த்தும் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம், கணினியில் திட்டமிட்டு ஒன்றன்பின் ஒன்றாக உறைகளைச் செய்யும் இந்த முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஓர் உறை பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நகர்த்தும். ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்ததை மாட்ட வேண்டும். தொடக்கத்தில் வளர்ச்சி முடிந்தவர்களை மனதில் வைத்துத்தான் இது வந்தது. பிள்ளைகளுக்கான வகைகள் பின்னால் வந்தவை. லேசான நெரிசல், சிறு இடைவெளி போன்றவற்றை அலைனர் நன்றாகவே சரிசெய்யும். கடினமான திருகல், பல்லை இறக்குதல், பல் பிடுங்கிச் செய்யும் சிகிச்சை ஆகியவற்றில் கம்பிக்கு உள்ள பிடிமானம் அதற்குக் குறைவு. புதிய பல் முளைத்துக்கொண்டே இருக்கும் வாயில், செய்து வைத்த உறை பொருந்தாமலும் போகலாம்.

பல் பிடுங்குவது என்றதும் நம் வீடுகளில் ஒரு பயம் எழும்: “மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்.” பல்லுக்கும் பார்வைக்கும் அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. இடமே இல்லாத வாயில் நான்கு சிறு கடைவாய்ப்பற்களை எடுப்பது நெடுங்காலமாகச் செய்துவரும் சிகிச்சை. ஆனால், தேவையா என்பதை எக்ஸ்-ரேயை வைத்துக்கொண்டு மருத்துவர் உங்களுக்கு விளக்க வேண்டும்.

22 மணி நேரக் கணக்கு

அலைனரை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். தண்ணீர் தவிர எதைச் சாப்பிடவும் கழற்ற வேண்டும். ஒரு பள்ளிப் பிள்ளையின் நாளை எண்ணிப் பாருங்கள். காலை டிபனுக்கு 20 நிமிடம், இடைவேளை பிஸ்கட்டுக்கு 10, மதிய உணவுக்கு 30, சாயங்காலம் பாலும் பஜ்ஜியும் 20, இரவுச் சாப்பாட்டுக்கு 30, இருவேளை பல் துலக்க 10. இதிலேயே இரண்டு மணி நேரம் தீர்ந்தது. டியூஷன் வாசலில் நண்பன் நீட்டும் கடலைமிட்டாய்க்கு இதில் இடமே இல்லை. கழற்றிய உறையை டிஷ்யூ பேப்பரில் சுற்றி டிபன் பாக்ஸ் மூடியில் வைத்தால், மிச்ச சாதத்தோடு குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். எதையும் ஒழுங்காக எடுத்து வைக்கிற, கண்டிப்புக்குக் காத்திராத பிள்ளைக்கு இது சரிப்படும். சாப்பாட்டுப் பையையே வாரம் ஒருமுறை பள்ளியில் விட்டுவரும் பிள்ளைக்குச் சரிப்படாது.

கம்பிக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. முதல் சில நாள் வலிக்கும், இட்லியும் தயிர்சாதமும்தான். முறுக்கு, பொங்கல் கரும்பு, முழுக் கொய்யா எல்லாம் பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும். கம்பியைப் பிராக்கெட்டோடு பிணைக்க நிறமில்லாத ரப்பர் வளையம் போட்டால், சாம்பாரின் மஞ்சள் ஏறி சில நாளிலேயே பழுத்துப்போகும். நீலம், பச்சை என்று நிறம் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும். சாப்பிட்டதும் துலக்காவிட்டால் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டு விழும். அந்தத் தழும்பு கம்பியைக் கழற்றிய பிறகும் தங்கிவிடலாம். ஆனால், கம்பியைப் பிள்ளை கழற்றி வைக்க முடியாது. தூங்கும்போதும் படிக்கும்போதும் அது வேலை செய்துகொண்டே இருக்கும்.

யாரிடம், எங்கே?

அமெரிக்காவில் அலைனரை நேராக வீட்டுக்கே அனுப்பிவந்த ஸ்மைல்டைரக்ட்கிளப் நிறுவனம், 2023 டிசம்பரில் திடீரென மூடப்பட்டது. சிகிச்சை பாதியில் இருந்தவர்கள் தவித்துப்போனார்கள். கருவி எதுவானாலும், நேரில் பார்த்துப் பொறுப்பேற்கும் மருத்துவர் வேண்டும். பல் சீரமைப்பில் மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்தவரா, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பல கிளினிக்குகளுக்கு நிபுணர் சில நாட்கள் மட்டுமே வந்துபோவார். அவர் பெயரையும் வரும் நாளையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தனியார் கிளினிக்கில் உலோகக் கம்பிக்குச் சில பத்தாயிரங்கள் ஆகும். அலைனர் ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். நம் பகுதிக்காரர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. பள்ளிக்கரணை ஸ்ரீ பாலாஜி, வண்டலூரை அடுத்த ரத்தினமங்கலம் தாகூர், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கேளம்பாக்கம் செட்டிநாடு என்று பல் மருத்துவக் கல்லூரிகள் சுற்றிலும் உள்ளன. தாம்பரத்தில் கடற்கரை மின்சார ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், 1953-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இத்தகைய இடங்களில் பேராசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள். செலவு குறையும், நேரம் கூடும். வேலை நாளில் லீவு போட வேண்டியிருக்கும். மாணவர் படிப்பை முடித்தால் அடுத்தவர் தொடர்வார். இதற்குத் தயாராக இருந்தால், மனநிறைவோடு போகலாம்.

என் முடிவு

நிரந்தரப் பற்கள் முளைத்து முடிந்து, கோளாறு லேசாக இருந்து, பிள்ளையும் பொறுப்பானவராக, வீட்டில் பண வசதியும் இருந்தால் அலைனர் நல்ல தேர்வு. மற்றபடி நம் புறநகர்ப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு, தகுதியான நிபுணர் போடும் சாதாரண உலோகக் கம்பியே நம்பகமானது. அது தெரிகிறதே என்று வெட்கப்பட ஒன்றுமில்லை. கடன் வாங்கி அலைனர் போடாததால் எந்தப் பிள்ளையின் சிரிப்பும் குறைந்துவிடாது. ஏழாவது, எட்டாவதில் தொடங்கினால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பே முடித்தும் விடலாம்.

எதைப் போட்டாலும், கழற்றிய பிறகு, பல்லைப் புதிய இடத்திலேயே பிடித்துவைக்கும் ரிட்டெய்னரை மருத்துவர் சொல்லும் காலம் முழுக்க மாட்ட வேண்டும். இல்லையென்றால் பல் பழைய இடத்துக்கே நகரத் தொடங்கிவிடும். பணம் கட்டும் முன்பே, ரிட்டெய்னருக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். உங்கள் பிள்ளைக்கு ஏழு வயது முடிந்திருந்தால், அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்காமல், இந்த மாதமே ஒருமுறை பல் சீரமைப்பு நிபுணரிடம் அழைத்துச் சென்று காட்டுங்கள்.