உங்களுக்குத் தெரியுமா? அரிசியில் கலந்த அரிசி

மண்ணச்சநல்லூர் என்றதும் அரிசி ஆலைகளும் பொன்னி அரிசியும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊர் இருக்கும் திருச்சி மாவட்டத்தில்தான், ரத்தசோகையைக் குறைக்க, ரேஷன் கடைகளில் செறிவூட்டப்பட்ட அரிசி தமிழகத்தில் 2020-ல் முன்னோடியாக வழங்கப்பட்டது.

காரணம் பெரியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழகத்தில் 53 விழுக்காடு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் உடலுக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். நாற்று நடும் பெண்ணுக்கு அரை நாளிலேயே மூச்சு வாங்கும், கூலி போகும். பள்ளிப் பிள்ளைக்குப் பாடத்தில் கவனம் நிற்காது. பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து. மருத்துவச் செலவுக் கணக்கில் வராத இழப்புகள் இவை.

இந்த அரிசிக்காக, அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, இயந்திரத்தில் அரிசி வடிவிலேயே வார்க்கிறார்கள். 100 கிலோ சாதாரண அரிசியில் இந்த மணிகளை 1 கிலோ கலக்கிறார்கள்.

களையும்போது சில மணிகள் நிறம் மாறித் தெரியலாம், மிதக்கலாம். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிந்துவிடாதீர்கள். சத்து அதில்தான் இருக்கிறது.