ஒலியும் காட்சியும் பிரிவதேன்?

2020 ஜூன் 1-இல் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் கேரளப் பள்ளிப் பாடங்கள் தொடங்கின. பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களின் தமிழ்வழி மாணவர்க்கெனத் தமிழிலும் காணொளிப் பாடங்கள் வெளிவந்தன.

கைப்பேசியில் பதிந்த பாடத்தை உருமாற்றுங்கால், குரலும் காட்சியும் விலகுவதுண்டு. காரணம் யாது? வெளிச்சம் குன்றினால் கைப்பேசி வினாடிக்குரிய படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றின் நேரத்தையும் குறித்து வைக்கும். அக்குறிப்பைப் புறக்கணிக்கும் மென்பொருள் படங்களைச் சம இடைவெளியில் அடுக்கிவிடும்.

20 நிமிடப் பதிவில் சராசரி வினாடிக்கு 29 படங்களெனில், மொத்தம் 34,800. அவற்றை 30 வீதம் ஓட்டினால் காட்சி 40 வினாடி முந்தி முடியும். ஒலியோ முழுநேரமும் ஒலிக்கும்.

ஆகவே, தொகுக்குமுன் நேரக்குறிப்பின்படி நம் தொலைக்காட்சிக்குரிய நிலையான 25 படங்களாக மாற்றுதல் வேண்டும். எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருள் இதற்கு உதவும். பிழை இறுதியிலேயே மிகுமாதலால், முடிவுப் பகுதியைச் சோதித்தல் நன்று. கண் காணும் எழுத்து ஒன்று, செவி கேட்கும் ஒலி வேறு எனில், சிறுவர் கற்பதெங்ஙனம்?